பேசிவைத்த அலைவரிசைகள்

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்ததும் பலர் வாங்கும் முதல் கருவி விலை குறைந்த ஒரு ஹேண்டி, அதாவது கையடக்க வானொலி. 2012 வாக்கில் சந்தைக்கு வந்த பாஃபெங் யூவி-5ஆர் இந்த இடத்தை அன்றே பிடித்துக்கொண்டது. அதில் 128 மெமரி சேனல்கள் உண்டு. யேசு எஃப்டி-60ஆர் போன்ற கருவிகளில் 1000. இத்தனை காலியிடத்தைப் பார்த்ததும் நிரப்பத்தான் கை போகும். அப்படி நிரப்பிவைப்பதைப் பற்றி ஹாம்களுக்குள் இரண்டு கட்சி. இது வெறும் வசதி, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. இது ஹாமை வெறும் பொத்தான் அழுத்துபவராக்கிவிடுகிறது என்பது பழைய ஆட்களின் கட்சி. என் பார்வையில் இரண்டுமே கேள்வியைத் தவறான இடத்தில் வைக்கின்றன. மெமரி சேனல் என்பது கருவியின் வசதியோ பயனாளியின் சோம்பலோ அல்ல. பலர் முன்கூட்டியே பேசிவைத்த ஓர் ஏற்பாட்டின் பதிவு. பேச்சு இன்னும் செல்லுபடியாகிற இடத்தில் அதைவிட நல்ல உத்தி கிடையாது. பேச்சே இல்லாத இடத்திலும், பேச்சு மாறிப்போன இடத்திலும் அது ஆளைத் திசைதிருப்பும்.

ஒரு சேனலுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். 145.600 மெகாஹெர்ட்ஸில் ஒலித்து, 600 கிலோஹெர்ட்ஸ் கீழே 145.000-இல் காது கொடுக்கும் ஒரு ரிப்பீட்டரை (கேட்ட பேச்சை மறுபடி அனுப்பும் நிலையத்தை) எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதோடு பேச, கேட்கும் அலைவரிசை, அனுப்பும் அலைவரிசை, ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்தொனி, அலைப்பட்டையின் அகலம், அனுப்பும் திறன் என ஐந்து முடிவுகள் வேண்டும். யூவி-5ஆரில் இதைக் கையாலேயே பதிய, முதலில் 13-ஆம் மெனுவில் தொனியை வைத்து, 145.600-ஐத் தட்டி, 27-ஆம் மெனுவில் ஒரு காலிச் சேனலில் சேமிக்க வேண்டும், பிறகு 145.000-ஐத் தட்டி அதே சேனலில் மறுபடி சேமிக்க வேண்டும். முதல் சேமிப்பு கேட்பதற்கு, இரண்டாவது அனுப்புவதற்கு. கையேட்டைப் படித்தவரும் இந்த இரண்டாம் சேமிப்பில்தான் தடுக்கி விழுவார். ஒருமுறை பதிந்துவிட்டால் ஐந்து முடிவுகளும் ஒரே எண்ணாகச் சுருங்கிவிடும். மழையில், இருட்டில், பதற்றத்தில் அந்தச் சுருக்கம் பெரிய வரம்.

ஆனால் சுருங்கியது கண்ணுக்கும் மறைந்துவிடுகிறது. ரிப்பீட்டரைப் பராமரிப்பவர்கள் இடைஞ்சல் தாங்காமல் தொனியை மாற்றுகிறார்கள் என்று வைப்போம். பழைய தொனியோடு இருப்பவருக்கு எல்லோர் பேச்சும் கேட்கும், அவர் பேச்சு மட்டும் யாருக்கும் கேட்காது. கேட்கும் பக்கத்திலும் தொனியைப் பூட்டிவைத்தவர் பாடு இன்னும் மோசம்: ஊரே பேசிக்கொண்டிருந்தாலும் அவர் ஹேண்டி வாயைத் திறக்காது. ஒரே மாற்றம், இரண்டு விதமான கோளாறு. இரண்டிலும் திரையில் தெரிவது பழைய பெயரும் பழைய எண்ணும்தான். அமைதி என்றால் யாரும் இல்லை என்று பொருளா, சேனல் பழசாகிவிட்டது என்று பொருளா? கைப்பட அமைத்தவருக்கு எந்தக் கண்ணியைச் சோதிக்க வேண்டும் என்று தெரியும். யாரோ பதிந்துகொடுத்ததை வாங்கியவர் பேட்டரியைக் கழற்றி மாட்டுவார், ஆன்டெனாவைத் திருகுவார், கடைசியில் கருவியைக் குறை சொல்வார்.

இங்கே பழைய ஆட்கள் குறுக்கிடுவார்கள்: இதற்குத்தான் நாங்கள் டயலைத் திருப்பிப் பழகினோம் என்று. வரலாறு அவர்கள் பக்கம் முழுதாக இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு மீட்டர் எஃப்எம் கருவிகளில் பெரும்பாலும் டயலே கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் கேட்க ஒன்று, அனுப்ப ஒன்று என இரண்டு படிகங்கள் செருக வேண்டும். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் வந்த ஐகாம் ஐசி-22எஸ்ஸில் 22 சேனல்கள். ஒவ்வொன்றின் அலைவரிசையையும் ஒரு சிறு பலகையில் டையோடுகளைப் பற்றவைத்து நிர்ணயிக்க வேண்டும். இன்றைய மெமரியைவிடக் கெட்டியான முன்னமைவு அது. ஆக, சேனல் கட்டிய கருவி திறமையைக் கெடுக்கும் என்றால் அந்தத் தலைமுறையும் கெட்டிருக்க வேண்டும். வேறுபாடு விலையில் இருந்தது. படிகத்துக்குக் காசு கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர், இந்த வட்டாரத்தில் யார் எங்கே பேசுகிறார்கள் என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். கேட்பது கட்டாயமாக இருந்தது. மெமரி இலவசமானதும் போனது டயல் பழக்கம் அல்ல, அந்த விசாரிப்புதான்.

விசாரிப்பு முழுமையாக இருக்கும்போது மெமரி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் நல்ல சான்று. 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் தொனியோடு மேலே அனுப்பினால் 437.800-இல் கீழே கேட்கும். நிலையம் ஒரு வட்டாரத்தைக் கடப்பது அதிகம் போனால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் டாப்ளர் விளைவால் கீழிறங்கும் அலைவரிசை ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் மேலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் கீழ்வரை வழுக்கும். அதனால் 437.810, .805, .800, .795, .790 என ஐந்து சேனல்களைப் பதிந்து, ஐந்திலும் அனுப்பும் பக்கம் ஒரே 145.990-ஐ வைப்பது வழக்கம். மேலே போகும் பக்கத்தில் வழுக்கல் மூன்று கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், எஃப்எம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு கையில் யாகி ஆன்டெனா, மறுகையின் கட்டைவிரல் சேனல் பொத்தானில். எஸ்ஓ-50 செயற்கைக்கோளுக்கு இன்னொரு நுணுக்கம் வேண்டும். அதன் பத்து நிமிடக் கடிகாரத்தை ஓடவிட 74.4 ஹெர்ட்ஸ் தொனியை ஒருதரம் அனுப்ப வேண்டும், பிறகு பேசுவதற்கு 67. அந்த 74.4-க்கென்றே ஒரு சேனலை ஒதுக்கி வரிசையின் தலைமாட்டில் வைப்பார்கள். மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தால் செயற்கைக்கோள் அடிவானத்துக்குப் போய்விடும். இந்த இடத்தில் டயல் திருப்பும் பெருமை எதற்கும் உதவாது.

இதே வானத்தில் மெமரி கைவிடும் இடமும் உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச்சென்ற ஹாம்சாட், 42.5 கிலோ எடையுள்ள இந்தியச் செயற்கைக்கோள், 2014 வரை உழைத்தது. அதில் இருந்தது ஒற்றைச் சேனல் ரிப்பீட்டர் அல்ல, நேரியல் டிரான்ஸ்பாண்டர். 435.25 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையில் எங்கே ஏறினாலும் 145.90-ஐ ஒட்டிய பட்டையில் கண்ணாடிப் பிம்பம்போலத் தலைகீழாக இறங்கும்: மேலே அலைவரிசையைக் கூட்டினால் கீழே குறையும். பலர் ஒரே சமயம் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசலாம். எந்த இடத்தில் உட்காருவது என்று யாரும் முன்கூட்டிப் பேசிவைத்ததில்லை. காலியிடம் பார்த்து உட்கார்ந்து, டாப்ளருக்கேற்ப நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அங்கே மெமரியில் பதியத்தக்கது பட்டையின் இரு எல்லைகள் மட்டுமே. மற்றதெல்லாம் காதும் டயலும். செயற்கைக்கோள் என்ற ஒரே தலைப்பின்கீழ் ஒன்றில் முன்னமைவு தவிர்க்க முடியாததாகவும் மற்றதில் பயனற்றதாகவும் இருப்பதற்குக் காரணம் கருவியின் தரத்தில் இல்லை.

உயர் அலைவரிசைப் பட்டைகளிலும் இதே கதைதான், நீட்ட வேண்டியதில்லை. 7, 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் எந்த நிலையம் எங்கே கூப்பிடும் என்று யாருக்குத் தெரியும்? ஐகாம் ஐசி-7300-இல் 99 மெமரிகள் இருந்தாலும், அதைவிட அதிகம் பயன்படுவது ஒவ்வொரு பட்டைக்கும் கடைசியாக இருந்த மூன்று இடங்களைத் தானாக நினைவில் வைக்கும் அடுக்குதான். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்கான 7.074, 14.074 போன்றவையும், நாள்தோறும் குறித்த நேரத்தில் கூடும் நெட்டுகளும் மட்டும் விதிவிலக்கு. அவை பேசிவைத்தவை.

பேச்சு வேறொருவருடையதாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்பழக்கத்தின் மிக மோசமான முகம். இணையத்தில் அகப்படும் ஆயத்தப் பட்டியல்களில் பல அமெரிக்காவில் தொகுக்கப்பட்டவை. அவற்றின் முதல் வரிகளில் 146.520, 446.000 என்ற அழைப்பு அலைவரிசைகள் இருக்கும். அங்கே இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 148 வரை, எழுபது சென்டிமீட்டர் பட்டை 420 முதல் 450 வரை. இந்தியாவில் ஹாமுக்கு அனுமதி 144 முதல் 146, 434 முதல் 438. பட்டியலின் முகப்பிலிருக்கும் அந்த இரண்டுமே இங்கே எல்லைக்கு வெளியே. யூவி-5ஆரோ 136 முதல் 174 வரை எங்கே சொன்னாலும் மறுப்பில்லாமல் அனுப்பும். பட்டியலை அப்படியே ஏற்றி, பெயரை மட்டும் பார்த்துப் பொத்தானை அழுத்தும் புதியவர், தெரியாமலே உரிம விதியை மீறுகிறார். அந்த அலைவரிசையில் இங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் பேச்சில் குறுக்கே விழுகிறார். சிர்ப் என்ற இலவச மென்பொருளில் டூப்ளெக்ஸ் கட்டத்தை ‘ஆஃப்’ என்று வைத்தால் அந்தச் சேனலில் அனுப்பவே முடியாது, கேட்கலாம். கேட்பதற்கென்று மட்டும் வைக்கும் ஒவ்வொரு வரிக்கும் இதைச் செய்வது இரண்டு நிமிட வேலை. ஆனால் எந்த வரி கேட்பதற்கு மட்டும் என்று தெரிய, பட்டியலை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தானே பலர் ஆயத்தப் பட்டியலைத் தேடுகிறார்கள்.

இடம் சும்மா கிடக்கிறதே, நிரப்பினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஸ்கேன் செய்து பார்த்தால் நஷ்டம் தெரியும். விநாடிக்கு மூன்று சேனல் என்று கணக்கு வைத்தாலும் 128-ஐ ஒரு சுற்றுச் சுற்ற நாற்பது விநாடிக்கு மேல் ஆகும். ஒருவர் தன் அழைப்புக்குறியைச் சொல்லி யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்த ஐந்து விநாடி போதும். பேச்சுள்ள எட்டுச் சேனல்களோடு ஸ்கேன் செய்பவர் அவரைப் பிடிப்பார். 128-ஐயும் நிரப்பியவர் பெரும்பாலும் தவறவிடுவார். கேட்கும் எல்லையை விரிப்பதாக நினைத்துச் செய்தது கேட்பதையே குறைக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு பேரிடரைச் சொல்லி வருவது. பத்துத் தொண்டர்கள், பத்து ஹேண்டி. எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் ஒரே சேனல்கள் இருந்தால், சேனல் மூன்றுக்கு வா என்ற ஒரு சொல் போதும். கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளியைப் புதியவருக்கு விளக்க அங்கே நேரமில்லை. இதை மறுக்க முடியாது. மறுக்க வேண்டியதும் இல்லை, ஏனென்றால் இதன் பலமும் பொதுவாகப் பேசிவைத்ததில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வெவ்வேறு மீட்புத் துறைகள் ஒன்றோடொன்று பேசும் பொதுச் சேனல்களுக்கு நாடெங்கும் ஒரே பெயர் வைத்திருப்பது இதற்காகத்தான்: 155.7525 எந்த மாநிலத்து வண்டியிலும் விகால்10 என்றே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்துக்குப் பதிந்த பத்து ஹேண்டிகள் இந்தப் பலனைத் தரமாட்டா. பேரிடர் திட்டப்படி வராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகோடு தொடர்பு ஏற்படுத்திக்கொடுத்த பாரதி பிரசாத், பேரிடர்ப் பணிக்காக அங்கே போனவர் அல்ல. அரிய தீவொன்றிலிருந்து உலக ஹாம்களோடு பேசப் போனவர். மலைமேல் ரிப்பீட்டருக்கு மின்சாரம் போய்விட்டால் அதைச் சுட்டும் சேனல்கள் அத்தனையும் ஒரே நொடியில் வெற்றெண்களாகிவிடும். அப்போது நேரடி அலைவரிசை ஒன்றைக் கையால் அமைக்கத் தெரிந்தவர் குழுவில் இருவராவது வேண்டும். அந்த நேரடி அலைவரிசையையும் ஒரு சேனலாகப் பதிந்திருந்தால் இன்னும் நல்லது. அனுபவப்பட்ட குழுக்கள் ரிப்பீட்டர் சேனலுக்கு அடுத்த எண்ணிலேயே அதை வைக்கின்றன.

கணினியில் பதிந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பவர்கள் பாதி சரி. யூவி-5ஆரில் சேனலுக்குப் பெயர் வைக்கவே கணினி வேண்டும், அதுவும் ஏழு எழுத்துக்குள். கேபிளிலுள்ள போலிச் சிப்பை டிரைவர் ஏற்க மறுத்து ஒரு மாலைப்பொழுதே வீணாவதும் உண்டு. வெள்ளத்தில் மடிக்கணினிக்கு எங்கே போவது என்பதும் நியாயமான கேள்வி. ஆனாலும் கணினியிலுள்ள சேனல் கோப்பின் பெரிய பயன் வேகம் அல்ல. ஹேண்டியின் திரையில் மறைந்துபோன ஐந்து முடிவுகளும் அங்கே கட்டம் கட்டமாக மறுபடி கண்ணுக்குத் தெரிகின்றன. ஓரத்தில் குறிப்பெழுத ஒரு கட்டமும் உண்டு; அதைப் பெரும்பாலோர் காலியாக விடுகிறார்கள். இந்தத் தொனியை யார் சொன்னார், எந்த மாதம் சரிபார்த்தது, அனுப்பலாமா, கேட்க மட்டுமா என்ற மூன்று தகவல் அதில் இருந்தால், ஆறு மாதம் கழித்து எந்தச் சேனலை அழிப்பது என்ற முடிவு ஒரு பார்வையில் கிடைத்துவிடும். குறிப்புக் கட்டம் ஹேண்டிக்குள் ஏறாது. அதனால் கோப்பை ஒரு தாளில் அச்சிட்டு ஹேண்டியின் உறைக்குள் மடித்துவைக்க வேண்டியிருக்கிறது. எட்டுப் பத்துச் சேனல்கள் என்றால் அரைத்தாள் போதும், 128 என்றால் எந்த உறையிலும் அடங்காது.