ஊமைப்படத்தின் பக்கவாத்தியம்

பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து வாசிப்பார். ஊமைப்படக் கொட்டகையில் அந்த முகம் திரையில் இருந்தது. வாசிப்பவர் தடுமாறினாலும் அது நின்று கொடுக்காது. கையால் சுற்றி ஓட்டிய கருவியில் நொடிக்கு 16 சட்டங்களும் ஓடும், 20 சட்டங்களும் ஓடும். ஓட்டுபவர் அவசரப்பட்டால் சோகக் கட்டமும் ஓட்டம் பிடிக்கும். ஆகவே கண்ணைத் திரையில் வைத்துக் கையால் சமாளித்தவரே அன்று கெட்டிக்காரர்.

ஆனாலும் ஐரோப்பா எழுதிவைக்கும் வழியை விடவில்லை. பிரான்ஸில் 1908இலேயே இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் ஒரு படத்துக்கென்று தனி இசை எழுதினார். பெர்லினில் ஜுசெப்பே பெச்சே, 1919 முதல், புயலுக்கு ஒன்று, துரத்தலுக்கு ஒன்று என்று வகை பிரித்த இசைத் துண்டுகளை வெளியிட்டார். சின்னக் கொட்டகைகளுக்கு அது கைகொடுத்தது. என்ன, எல்லாப் புயலும் ஒரே புயலாகிவிட்டது. ஜப்பானில் வாத்தியம் இரண்டாம் பட்சம். திரையோரம் நின்று கதை சொன்ன பென்ஷியின் பெயருக்கே கூட்டம் வந்தது. இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணனும் ஒரு பென்ஷிதான்.

தமிழர் வழியில் வாத்தியம், கதைசொல்லல் இரண்டும் கலந்திருந்தன. 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார் சாமிக்கண்ணு வின்சென்ட். அந்த ஊமைப்படக் காலக் கொட்டகைகளில், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரக்கக் கதை சொன்னார். ஆர்மோனியமும் தபலாவும் நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தன. ஓயாமல் வாசிப்பது நாடகக்காரரின் பலம், பலவீனமும் அதுதான். சண்டைக்குப் பொருந்திய தபலா, நடிகர் சும்மா நின்று யோசிக்கும் இடத்தில் திண்டாடியிருக்கும் என்றே நினைக்கிறேன். வாசிக்காமல் இருக்கத் தெரிந்தவரைத்தான் நான் முதல் தரத்தில் வைப்பேன்.

இந்தப் பிலிமத்தலாவை மலரில் சொல்லியாக வேண்டிய படம், பசில் ரைட்டின் 'சோங் ஒஃப் சிலோன்' (1934). பேசும்படம் வந்துவிட்ட காலம். இருந்தும் கமெரா இங்கே ஊமையாகவே படம் பிடித்தது. ஒலியெல்லாம் இலண்டனில் சேர்ந்தது. இசையமைப்பாளர் வால்டர் லீயும் ரைட்டும் வகைவகையான சேகண்டிகளை அடித்துப் பார்த்துப் பதிந்தார்கள். பித்தளை வேலைக்குப் பேர்போன நம்மூர்க் காதுகள் அந்த நாதத்தைத் தனியே கேட்க வேண்டும். கண்டியக் கலைஞர்களும் கடல் கடந்து போனார்கள். வர்ணனைக் குரல் லயனல் வென்டுடையது. அவர் படித்தது ரொபேர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்குமேல் சிறைப்பட்டிருந்த நொக்ஸ், நமக்கு அண்மையிலுள்ள எலதெத்தையிலும் குடியிருந்தவர்.

படத்தோடு ஒட்டாமல், சமயத்தில் எதிர்த்தும் ஒலிக்கும் இந்த ஒலியமைப்பு பழைய கொட்டகை மரபுகள் எட்டாத உயரம். இதில் எனக்கொரு வழக்கும் உண்டு. மூன்றாம் பகுதியில் திரையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சி. கேட்பதோ ஆங்கில வணிகக் குரல்கள், விலை நிலவரம். சுரண்டலைச் சுட்டும் உத்தி என்று விமர்சகர்கள் மெச்சுவார்கள், சரிதான். ஆனால் இலண்டன் வரை மேளத்தைக் கொண்டுபோன படத்தில், கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் அது கடைசிவரை ஊமைப்படம்.