பெயர் நீக்கிய பிரதிகள்: மின்னூற் பகிர்வும் உழைப்பின் பதிவும்

நூலின் தொடக்கத்தில் அமையும் சிறப்புப்பாயிரத்துக்கு இலக்கணம் வகுக்கும் நன்னூல், ஆக்கியோன் பெயரை முதலிலும் நூல் வந்த வழியை அதனையடுத்தும் வைக்கின்றது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவதும் அதுவே. பிறர் ஆக்கத்தின்மீது புதியதொன்றை ஆக்குதல் தவறன்று, வந்த வழியை மறைத்தலே தவறு என்பது இவ்விதிகளின் உட்கிடை எனலாம். இணையத்தில் ஆக்கங்கள் தடையின்றிப் பகிரப்படும் இக்காலத்தின் பிரச்சினையொன்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுட்கிடை துணைபுரிகின்றது.

அப்பிரச்சினை கணினி விளையாட்டுத் துறையிற் கூர்மையாக வெளிப்பட்டது. நிறுவனமொன்று விற்கும் விளையாட்டின்மீது புதிய காட்சிகளையும் பாத்திரங்களையும் ஊதியமின்றிப் படைத்துச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். 1999 இல் ஹாஃப்-லைஃப் என்னும் விளையாட்டின்மீது மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவர் ஆக்கிய கவுண்டர்-ஸ்ட்ரைக் இத்தகையதே. மூல விளையாட்டின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் அடுத்த ஆண்டில் அதனை வாங்கித் தன் பண்டமாக விற்றது. 2015 ஏப்ரலில் அந்நிறுவனம் இவ்வகை மாற்றாக்கங்களை விலைக்கு விற்க வழிசெய்தபோது ஆக்கியோருக்கு ஒதுக்கிய பங்கு 25 சதவீதம். ஒருவர் விற்ற ஆக்கத்திற் பிறரது வேலை கலந்திருந்தமை உடனே சர்ச்சையாயிற்று. பெரும் எதிர்ப்பின் காரணமாகச் சில நாட்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. விலையின்றிப் பகிரப்படும் ஆக்கத்திலோ, ஆக்கியோனின் உழைப்புக்குப் புறத்தே எஞ்சும் சான்று அவன் பெயர் மட்டுமே. பெயரை நீக்கிப் பகிர்வோர் அச்சான்றையும் அழித்துவிடுகின்றனர்.

இது நமக்குத் தொடர்பற்ற செய்தியன்று. யாழ்ப்பாணத்துப் பதிப்பு வரலாற்றை இந்நோக்கில் மீளப் படித்தல் தகும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை அச்சிட்டபோது, அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர் என்பதைப் புலப்படுத்தினார். வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலாய பதிப்புக்களின் முன்னுரைகளில் ஏடுகள் இருந்த நிலையையும் அவற்றை உதவியோரையும் பற்றி எழுதினார். நூல் வந்த வழியைக் கூறும் மரபு அச்சுக் காலத்திலும் தொடர்ந்தமைக்கு இம்முன்னுரைகள் சான்றாகும்.

எனினும், அம்மரபின் வர்க்க எல்லையையும் நாம் காணவேண்டும். அக்காலத்து நூல்களின் முகப்பிலும் சாற்றுகவிகளிலும் இடம்பெற்றோர் பெரும்பாலும் புலவர், ஏடுடையோர், பொருளுதவிய பிரபுக்கள் ஆகியோரே. எழுத்தெழுத்தாக ஈயத்தைப் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்பாளர் பெயரைப் பெரும்பாலான நூல்களிற் காண்பதரிது. அறிவுழைப்புக்குப் பெயருண்டு, கையுழைப்புக்குப் பெயரில்லை என்ற பிரிவினை நூலின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

இப்பிரிவினையிற் குறிப்பிடத்தக்க உடைவை ஏற்படுத்தியது, 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிற்சர்லாந்து வாழ் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகும். அதன் மின்னூல்களின் தலைப்பகுதி தட்டெழுதியவரையும் மெய்ப்புப் பார்த்தவரையும் பெயர் கூறிக் குறிப்பிடுகின்றது. அச்சுக்கோப்பாளரின் வழித்தோன்றலுக்கு நூலின் முகப்பில் இடம் கிடைத்தது. அத்தலைப்பகுதியைச் சிதைக்காது வைத்திருந்தால் எவரும் அக்கோப்பை இலவசமாகப் பரப்பலாம் என்பதே அத்திட்டத்தின் நிபந்தனை. ஆயின், பகிர்வோர் பலர் முதலில் வெட்டியெறிவது அத்தலைப்பகுதியையே. பிரதி தானே முளைத்தது போலத் தோன்றுகின்றது. உழைப்பாளரிடையிலான உறவு பொருளின் இயல்பாகத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். விலையற்ற பொருளிலும் அதனையொத்த மயக்கம் நிகழக்கூடும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஈழத்தவராகிய நமக்கு இதன் கனம் வேறு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து வருகின்றது. அழிவுக்குப்பின் எஞ்சிய ஒவ்வொரு பிரதிக்கும் அதனைக் காத்தவர், கொடுத்தவர், பக்கம் பக்கமாகப் படியெடுத்தவர் என ஒரு வரலாறுண்டு. பெயர் நீங்கின் நூல் பிழைக்கலாம். அது பிழைத்த வரலாறு பிழையாது.

பெயரைக் கோருதல் தனியுடைமையைக் கோருதல் ஆகாதா எனச் சில முற்போக்காளர் வினவுவர். பதிப்புரிமை பிறரைத் தடுக்கும் அதிகாரம். பெயர்க்குறிப்போ எவரையும் தடுப்பதில்லை. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்குச் சான்று: எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; ஆயின் ஆக்கியோரைக் குறிப்பிடவும் அதே உரிமையைப் பிறர்க்கு வழங்கவும் வேண்டும். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயரில்லையே என்பது மற்றொரு தடை. தலைமுறைகள் கூடிப் பாடிய பாடலில் பெயரின்மை கூட்டுப் படைப்பின் விளைவு. இருந்த பெயரை ஒருவர் அழிப்பதோ அபகரிப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்று நோக்கன்று.

ஆய்வு நெறி சார்ந்த காரணமும் உண்டு. தலைப்பகுதி நீங்கிய கோப்பு எந்த அச்சுப் பதிப்பினின்று தட்டெழுதப்பட்டது என அறியவியலாது. ஒரு தட்டெழுத்துப் பிழை பத்துப் படிகளிற் பரவிய பின்னர், அது பாடபேதம் போன்று தோன்றக்கூடும். ஏட்டுப் பிரதிகளின் மரபுவழியை ஆராய்ந்து பாடம் தெளியும் துறையினர் தம் காலத்துப் பிரதிகளின் வழியை அழியவிடுதல் முரணாகும்.

இக்கட்டுரையாளரும் இதற்கு விலக்கல்லர். கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை எழுதுகையில் அவர் பல மின்னூல்களிற் சொற்களைத் தேடிப் பயன்பெற்றார். உசாத்துணைப் பட்டியலிலோ அச்சுப் பதிப்புக்களை மட்டுமே குறித்தார். தட்டெழுதியோர் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. உழைப்பைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில் நேர்ந்த இப்பிழையைப் பரீட்சகர் எவரும் சுட்டவில்லை என்பது அவர்கள் குறையன்று. நம் அனைவர்க்கும் பொதுவான பார்வைக் குறை.

எனவே, மின்னூலைப் பயன்படுத்துவோர் அதன் திட்டத்தையும் தட்டெழுதியோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களையும் மூலப் பதிப்பையும் குறிப்பிடுதல் வேண்டும். பகிர்வோர் தலைப்பகுதியைக் காத்து, தாம் செய்த மாற்றத்தை அதன்கீழ் எழுதுதல் வேண்டும். ஆய்விதழ்கள் இவற்றைக் கட்டுரையாளரிடம் கோருதல் வேண்டும். இவ்விதழிலிருந்தே அது தொடங்கலாம்.