கும்மி யாருடையது?

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்துகொண்டு இலங்கை மலையகத் தோட்டக் கூலிகளைப் பற்றிப் பேசுவதில் ஒரு அபத்தம் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் பேசினோம். மலையக இலக்கியம் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யிலிருந்து தொடங்குகிறது என்று நண்பர் அடித்துச் சொன்னார். (நம் காபி அங்கே கோப்பி.) 1869இல் அச்சான நூல். முதல் அச்சுப் பிரதிகளில் ஒன்று என்றால் எனக்கு மறுப்பில்லை. ‘தொடக்கம்’ என்பதில்தான் இடிக்கிறது.

கும்மி, பெண்கள் கூடிக் கைகொட்டி அடிப்பது. அந்த வடிவத்தை எடுத்துக்கொண்ட இப்பிரதி தோட்டத்தைத் துரையின் கண்ணால் பார்க்கிறது. மு. நித்தியானந்தன் ‘கூலித் தமிழ்’ (2014) நூலில் இதை விரிவாகப் பேசிவிட்டார். வடிவம் மக்களுடையது, ஆகவே பிரதியும் மக்களுடையது என்று நம் முற்போக்கு விமர்சனம் ரொம்ப நாளாய்க் கணக்குப் போட்டுவருகிறது. அதிகாரத்துக்கும் கைகொட்டத் தெரியும், தோழர்களே.

கூலியின் பக்கம் நின்று பார்த்தால் கோப்பிப் பொருளாதாரம் வேறு மாதிரி. தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில்தான் பெருங்கூட்டம் தேவை. அதனால் திருச்சி, மதுரைப் பக்கத்து ஜனங்கள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தப்பிப் போய்ச் சேர்ந்தவர்களைக் கங்காணியின் முன்பணம் கடனாகப் பிடித்துக்கொண்டது. ‘துண்டு’ என்ற கடன்சீட்டோடு ஆளே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினான். இந்த உழைப்பின் மேல்தான் இலங்கை உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக நின்றது.

கும்மி அச்சான அதே 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. 1880களில் கோப்பி சரிந்தது, தேயிலை வந்தது. பயிர்தான் மாறியது. துண்டு ஒழிய 1921 ஆயிற்று.

மலையக வாய்மொழிப் பாட்டொன்றில் ஒருத்தி, கோப்பிக் கன்று நட்ட மலையைக் காட்டி, தன் அண்ணனைப் பறிகொடுத்த இடம் அதுதான் என்கிறாள். யார் கட்டியது, எந்த வருஷம்? தெரியாது. அச்சும் தேதியும் கிடையாது என்பதாலேயே இலக்கிய வரலாற்றின் முதல் பக்கம் அவளுக்கு மறுக்கப்படுகிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நானும் அப்படித்தான் தேதி போட்டுப் படித்தேன்.

‘அப்போ கும்மியைத் தூக்கிப் போட்டுடலாமா?’ என்றார் நண்பர். கூடாது. துரைத்தனம் தமிழில் எப்படிப் பேசியது என்பதற்கு அது சாட்சி; அந்த வரிசையில் வைத்து வாசிப்போம். வரலாற்றை அவளிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு பாதியில் நிற்கிறது.