வெயில் ஊருக்கேற்ற செடிகள்

1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்தார்கள். அது இங்கே நிலைத்ததற்கும், பின்னால் பட்டாசு பெருகியதற்கும் பெரிய காரணம் இந்த வானம் பார்த்த பூமியின் காய்ந்த காற்று. வெள்ளாமை வைத்தவனை வாட்டிய அதே காற்று, தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகளுக்குத் தோதாக அமைந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மொட்டைமாடி முழுக்கக் கள்ளித் தொட்டிகளோடு வாழ்கிற எனக்கு விருதுநகர் வெயில்மேல் எந்தக் குறையும் இல்லை.

மண்தான் சிக்கல். பருத்தியை வாழவைத்த கரிசல், கள்ளிக்கு ஆகாது. நாள்கணக்கில் ஈரம் பிடித்து வேரை அழுக வைத்துவிடும். தொட்டிக் கலவையில் உடைத்த செங்கல், சரளை, மணல் இவைதான் பெரும்பங்கு. மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். அடியில் துளையுள்ள மண்தொட்டியில், ஊற்றிய தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழைதான் கண்டம். அடித்தண்டு கொழகொழத்துவிட்டால் தயங்கக் கூடாது. நல்ல பாகம் தெரியும்வரை வெட்டி, வெட்டிய இடத்தை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பிறகு நட வேண்டும். காயாமல் நட்டால் மறுபடியும் அழுகும்.

சதைப்பற்றுச் செடிகளில் ஒன்றான ரணகள்ளியின் இலை விடியற்காலையில் புளிக்கும், உச்சிவேளையில் புளிப்பு அடங்கிவிடும் என்று வாயில் போட்டுப் பார்த்து எழுதியவர் பெஞ்சமின் ஹைன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்தவர். அவருடைய கடிதம் 1815இல் லண்டனில் அச்சாயிற்று. காரணம் பின்னாளில் விளங்கியது. நடுப்பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதால், இந்தச் செடி அவற்றை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கிச் சேமிக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பை வைத்து உணவு சமைக்கிறது. சித்திரை வெயிலில் மாடியில் நிற்கும் செடியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஏற்பாட்டை நினைத்து வியக்கிறேன்.

வாத்தியார்களுக்கு இந்தப் பித்து பொருந்தும் போலிருக்கிறது. ஜொஹானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மொழிகள் கற்பித்த டெஸ்மண்ட் கோல், ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். அவரும் மனைவி நௌரீனும் தென்னாப்பிரிக்க வறள்நிலமெங்கும் அலைந்து, கூழாங்கல் என்றே கண்ணை ஏமாற்றும் லித்தாப்ஸ் செடிகளைத் தேடினார்கள். கண்டெடுத்த ஒவ்வொரு இடத்துச் செடிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அப்படிச் சுமார் 400 எண்கள். 1988இல் லித்தாப்ஸ் பற்றிய கோலின் நூல் வந்தது. இன்றும் சேகரிப்பவர்கள் லித்தாப்ஸ் விதை வாங்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரியாத செடி பாதிச் செடிதான் என்பதை நான் கற்றது அவரிடமிருந்து.

ஆனாலும் என் மனம் கவர்ந்தது லித்தாப்ஸ் அல்ல, நம் கரட்டு நிலத்துக் கள்ளிமுளையான். முள் இல்லை, பால் இல்லை. சாம்பல் பூத்த பச்சையில், விரலைவிட மெலிந்த நாற்பட்டைத் தண்டு. இலை என்று பேருக்கு ஒரு துணுக்கு வந்து உதிர்ந்துவிடும். மழை கண்டதும் தண்டின் நுனி கூர்ந்து நீண்டு, கருஞ்சிவப்புப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலைகவிழ்ந்து தொங்கும். பூ போனபின் கொம்புபோல் இரட்டைக் காய். அது வெடித்தால் பட்டுமயிர் கட்டிய விதைகள் காற்றோடு கிளம்பும். இதன் உறவுச்செடி ஒன்று தண்டின் உச்சியில் பந்துபோல் பூத்து, அழுகிய இறைச்சி நாற்றத்தால் ஈக்களைக் கூப்பிட்டு மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். வீட்டில் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்தப் பூவின் வரிகளைப் பார்த்துத் தீராது.

ஆடு மேய்ப்பவர்கள் கள்ளிமுளையானைப் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள்; புளியும் உப்பும் வைத்துத் துவையலும் அரைப்பார்கள். அதில் செடிக்குச் சேதமில்லை. உடல் இளைக்க மாத்திரை செய்கிறோம் என்று மூட்டை மூட்டையாகப் பறித்தால்தான் கரடு வெறுமையாகும். வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வேரோடு பிடுங்காதீர்கள். ஒரு விரல் நீளத் தண்டைக் கிள்ளி, காயவைத்து நடுங்கள். தொட்டியில் ஊர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.