பட்டியலுக்கு வெளியே நிறுத்திய மூன்று

செய்த தப்பை எழுதித்தான் தீர்க்க வேண்டும் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கடிதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் காதை நானே விசாரித்த கதை இது.

திருப்பூரில் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள். ஓவர்லாக் அடிக்கிறவர்கள், செக்கிங் பார்க்கிற அக்காமார், ஒரு கட்டிங் மாஸ்டர், காலேஜ் போகிற பிள்ளைகள் நாலு பேர். வருசக் கடைசியில் ஒரு மலர் போடுவோம். ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து, நூறு பிரதி. 2024 டிசம்பர் மலருக்கு, 'இந்த வருசம் எனக்குப் பிடித்த பத்து இசைத் தொகுப்புகள்' என்று என்னை எழுதச் சொன்னார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவள், மேடையில் பேசுகிறவள், பாட்டுப் பைத்தியம் என்று பேர் வாங்கியவள். ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சங்க அலுவலக மாடியில் அதை வாசித்தேன். கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபோது என் மாமா பக்கத்தில் வந்தார். அம்மாவுக்கு அண்ணன். முப்பது வருசமாகப் பெரிய மேளம் அடிக்கிறவர்.

"ஏங்கண்ணு, அந்தப் பத்துல நம்ம அடி ஒண்ணுகூட இல்லியா?"

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் சில்லறை குறைந்ததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அது ஆல்பம் பட்டியல் மாமா" என்றேன்.

"அப்படியா, செரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தச் 'செரி' இன்னும் என் காதில் கிடக்கிறது.

பட்டியலில் என்னதான் இருந்தது? 'ப்ளூ ஸ்டார்', 'தங்கலான்', 'வாழை' ஆகிய படங்களின் பாடல்கள். மூன்றும் 2024இல் வந்தவை, மூன்றும் நம்ம சனங்களின் வாழ்க்கையைத் தொட்ட படங்கள். பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' இருந்தது. நவம்பரில் வந்த கெண்ட்ரிக் லாமரின் 'ஜி.என்.எக்ஸ்' இருந்தது. மிச்சமும் சினிமா அல்லது ஆங்கிலம். இவை மோசமான பாட்டுகள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கும் கேட்கிறேன். உள்ளே வைத்ததில் தப்பில்லை. வெளியே நிறுத்தியதில்தான் கோளாறு. மூன்றை வெளியே நிறுத்தினேன். மூன்றுக்கும் கைவசம் காரணம் வைத்திருந்தேன். அந்தக் காரணங்களைத்தான் இங்கே பிரித்துப் போடுகிறேன்.

முதலாவது, அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி'. 2024இல் வந்தது. பாட்டியின் பேரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு வந்த தொகுப்பு. அந்தப் பாட்டியின் கதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை பிரிப்பதுபோல மனுசரைப் பிரித்தார்கள். தேயிலைக்கு உரமாகி, அப்புறம் எந்த நாடும் தனது என்று சொல்லாத சனம் அது. அதில் கணிசமானவர்கள் நம்மவர்கள். அந்த நினைவைப் பேரன் ஒருவன் எடுத்துப் பாடுகிறான். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஆனால் என் நோட்டில், அந்தப் பேருக்கு நேராக நான் எழுதி வைத்திருந்தது இதுதான்: 'பேச்சு அதிகம். முழக்கமாக இருக்கிறது.'

இத்தனைக்கும் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற இரண்டு பாட்டுகளை முன்னிட்டு அட்டைப்படம் போட்டது. தீ இருந்தார். ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். ஒரு பாட்டை எழுதிப் பாடி, இன்னொரு பாட்டை எழுதியும் கொடுத்த அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். சர்ச்சை கிளம்பிய பிறகு அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. 'எஞ்சாய் எஞ்சாமி' மேடையேறியது, அறிவு மேடையில் இல்லை. இந்த இரண்டையும் நான் தெருமுனைக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். 'நம்மாளை அழிக்கிற அரசியல்' என்று பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அதே நான், எனக்கென்று பத்து இடம் கிடைத்தபோது, அதே ஆளை அதே மாதிரி அட்டைக்கு வெளியே நிறுத்தினேன்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கெண்ட்ரிக் லாமர் பாடுவதும் பேச்சுதான். சொல்லிசை என்றாலே பேச்சுதான். அவர் பேசுகிற ஆங்கிலத்தில் பாதிக்குப் பாதி எனக்குப் புரியாது. என் தம்பி மகன் போனில் அர்த்தம் தேடிச் சொல்வான். புரியாத மொழியில் பேசினால் அது எனக்குக் கலையாக இருக்கிறது. என் ஆத்தா பேசுகிற மொழியில் பேசினால் முழக்கமாகிவிடுகிறது. இந்தக் காதை எனக்கு யார் தைத்துக் கொடுத்தார்கள்?

'வள்ளியம்மா பேராண்டி'யில் எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் வாதாடவில்லை. சில இடங்களில் தாளம் ஓடுகிற ஓட்டத்தில் சொல் பின்தங்குகிறது. அதைச் சொல்லி விமர்சிக்கலாம். ஆனால் நான் விமர்சிக்கவே இல்லையே. ஒரு சொல்லில் ஒதுக்கினேன். விமர்சனத்துக்கும் ஒதுக்குதலுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா?

இரண்டாவது, கே.ஏ. குணசேகரனின் கேசட்டுகள். வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25இல். ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் நாங்கள் கூடுவோம். 2024இலும் கூடினோம். கம்பெனி விட்டு வந்த பெண்கள், கையில் டிபன் பாக்ஸோடு, இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன குரல் குணசேகரனுடையது. சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்து, 'தன்னானே' குழு கட்டி ஊர் ஊராகப் பாடி, பேராசிரியராகி, 'வடு' என்று தன்வரலாறு எழுதி, 2016 ஜனவரியில் செத்துப்போனார். எங்கள் வீட்டில் அவர் கேசட் ஒன்று இருந்தது. நாடா சிக்கிக்கொண்டால் அம்மா பென்சில் விட்டுச் சுற்றுவார். அந்த வருசம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட குரலும் அதுதான். யாரோ ஒரு தோழர் கேசட்டிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்.

ஆனால் பட்டியலில் இல்லை. காரணம், 'இது இந்த வருசத்துத் தொகுப்பு அல்ல. பழசு.' விதியை யார் போட்டது? நான்தான் போட்டேன். மலரில் கேட்டது 'இந்த வருசம் பிடித்தது' என்று. 'இந்த வருசம் வெளிவந்தது' என்று நானே சுருக்கிக்கொண்டேன்.

புதுசு என்று நாம் கொண்டாடுவதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடத்தியபோது, ஏதோ வானத்திலிருந்து குதித்த மாதிரி எழுதினார்கள். அந்தப் பேரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. கிடார் சேர்வதற்குப் பல வருசம் முன்பே நாட்டுப்புறப் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்து, இதுதான் எங்கள் இசை என்று சொன்னவர்களில் குணசேகரனும் ஒருவர். அதற்குக் கேசட் கைகொடுத்தது. இசைத்தட்டுக் காலத்தில் பெரிய கம்பெனி வைத்ததுதான் சட்டம். 1980களில் கேசட் பரவிய பிறகுதான் சின்ன ஆட்களும் தங்கள் குரலைப் பதிந்து, கூட்டம் நடக்கும் இடத்தில் சாக்கு விரித்து விற்க முடிந்தது. அந்தக் கேசட்டுகள் இப்போது பரணில் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. 'பழசு' என்று நாமே சொன்னால் அந்தப் பூசணத்துக்கு நாமும் தண்ணீர் விடுகிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவதைத்தான் எழுதக் கை வரவில்லை. 2024 ஆகஸ்ட் 1. உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வில் ஆறு பேர் தீர்ப்புச் சொன்ன நாள். 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்குக் கொடுத்த 3 சதவீதம் அந்தத் தீர்ப்பால் நிலைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெருவில் மாமாவும் அவர் செட்டும் மேளத்தை எடுத்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. கூலி பேசவில்லை. சாவும் இல்லை, நோம்பியும் இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு மேல் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே பையோடு நின்றார்கள். என் தம்பி மகன் போனில் பதிந்தான். முப்பத்தெட்டு நிமிசம். நடுவில் ஒரு பஸ் ஹாரன், ஒரு குழந்தையின் அழுகை, "அடி விடாதீங்" என்று யாரோ ஒரு பெண்ணின் குரல், எல்லாம் உண்டு. மாமா அடியை மாற்றுகிற இடத்தில் மற்ற மூன்று பேரும் அரை விநாடி பொறுத்து உள்ளே வருவார்கள். அந்த அரை விநாடிக்காக நான் அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பட்டியலில் இல்லை. தலைப்பு இல்லை, அட்டை இல்லை, வெளியிட்ட கம்பெனி இல்லை, அதனால் அது 'ஆல்பம்' இல்லை.

உண்மையான காரணம் அதுவும் இல்லை. வெட்கம். சாவுக்கு அடிக்கக் கூடாது என்று இயக்கம் சொன்னது. நானும் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன். கட்டாயத்தின் பேரில் ஊர்ச் சாவுக்கு அடிப்பது அடிமைத்தனம். ஆனால் அந்த அடிமைத்தனத்தை வெறுக்கக் கற்றுக்கொண்டபோது, அடிக்கிற கையையும் சேர்த்து ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டேன். தொல்காப்பியம் கருப்பொருளில் பறையையும் வைத்துச் சொல்கிறது என்று பரிட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். ஏட்டில் இருக்கும் பறை பெருமை. மாமாவின் தோளில் தொங்குகிற மேளம் சங்கடம். என்ன படிப்பு இது?

இப்போது மூன்று காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'முழக்கம்', 'பழசு', 'வடிவம் இல்லை'. எங்கேயோ கேட்ட குரல்களாக இல்லையா? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது, இது நாவலா, தன்வரலாறா, இந்தக் கொச்சையெல்லாம் இலக்கிய மொழியா என்று கேட்டவர்களின் குரல் அது. தலித் இலக்கியம் என்றால் பிரச்சாரம், புலம்பல், பழைய காயத்தைக் கிளறுவது என்று சொன்னவர்களின் குரல் அது. அவர்களோடு சண்டை போட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். சண்டை போட்டுக்கொண்டே அவர்கள் தராசைக் கையில் வாங்கிக்கொண்டோம் என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

இதைப் பேசியபோது ஒரு தோழர் கேட்டார். "பிடித்தது பிடிக்காதது அவரவர் சொந்த விசயம். பாட்டுப் பட்டியலிலும் இடஒதுக்கீடா?" நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடிக்காத பாட்டைக் கடமைக்காகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்றும் எனக்குப் பிடித்திருந்தன. பிடித்திருந்தும் வெளியே சொல்லத் தகுதியானவை என்று தோன்றவில்லை. ருசி என்னுடையதுதான். ருசியைச் சபையில் வைக்கிற தைரியம் என்னுடையதாக இல்லை. அவர் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

மலர் அச்சாகிவிட்டது. நூறு பிரதியும் போய்விட்டது. திருத்தம் போட்டு நல்ல பேர் வாங்க விருப்பமில்லை. அந்தத் தப்புப் பட்டியல் என் பேரிலேயே இருக்கட்டும். ஆனால் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அந்த முப்பத்தெட்டு நிமிசத்தில் அடித்த நாலு பேரின் பேர், எந்த அடி எந்த இடத்தில் வருகிறது, அதை யாரிடம் கற்றார்கள் என்பதையெல்லாம் மாமாவை உட்காரவைத்து எழுதி வருகிறேன். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே சொல்லி வருகிறார்.

வாசிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், இயக்க அலுவலக மூலையில், பழைய கேசட்டுகள் கிடக்கும். அட்டை கிழிந்திருக்கும், பேர் அழிந்திருக்கும். எடுத்துத் துடைத்து, ஓடுமானால் ஓடவிட்டு, யார் குரல், எந்த ஊர், எந்த வருசம் என்று தெரிந்தவரை எழுதி வையுங்கள். ஓடாவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம் வருசக் கடைசியில் யாராவது பட்டியல் கேட்டால், எழுதுமுன் ஒரு தடவை நம் வீட்டு ஆட்களிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.