லெஸ்டர் பேட்ரிக்கை ரசிக்க நீலக்கோடுகளைப் பாருங்கள்

ஐஸ் ஹாக்கியை டிவியில் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, பக் என்னும் ரப்பர் வட்டு எங்கே போனது என்று தேடுவதிலேயே பாதி ஆட்டம் போய்விடும். பக்கை விட்டுவிட்டு, பனித்தளத்தின் குறுக்கே கிடக்கும் இரண்டு நீலக்கோடுகளைக் கவனியுங்கள். அவற்றை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கனடாவின் லெஸ்டர் பேட்ரிக், தொழில்முறை ஹாக்கியின் முதல் தலைமுறைப் பயிற்சியாளர். அவர் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்பதைவிட, ஆட்டத்தையே எப்படி மாற்றினார் என்பதில்தான் சுவை அதிகம்.

முதலில் பாஸ். அந்தக் காலத்தில், ரக்பியைப் போலவே, தனக்கு முன்னால் நிற்கும் சகவீரருக்குப் பக்கைத் தள்ளக் கூடாது. 1911-இல் லெஸ்டரும் தம்பி ஃபிராங்கும், அப்பா மரத்தொழிலில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு பசிபிக் கரையில் சொந்தமாக ஒரு லீக் தொடங்கினார்கள். வான்கூவரிலும் விக்டோரியாவிலும் செயற்கைப் பனி அரங்குகள் கட்டினார்கள். லீக் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. நீலக்கோடுகளுக்கு நடுவே முன்னோக்கிப் பாஸ் கொடுக்கலாம் என்றார்கள். ஆட்டம் வேகம் பிடித்தது.

அடுத்து, களத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1925-இல் லெஸ்டரின் விக்டோரியா கூகர்ஸ், களைத்தவர்களை வெளியே அழைத்துப் புதிய வீரர்களை இறக்கியபடி மாண்ட்ரியால் கனடியன்ஸைத் தோற்கடித்து ஸ்டான்லி கோப்பையை வென்றது. என்.ஹெச்.எல். எனும் தேசிய ஹாக்கி லீகுக்கு வெளியே இருந்து அந்தக் கோப்பையை வென்ற கடைசி அணி அதுதான்.

மறு ஆண்டு நியூயார்க் ரேஞ்சர்ஸின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே குக் சகோதரர்களும் ஃபிராங்க் பவுச்சரும் ஒரே வரிசையில் ஆடி, பாஸாலேயே எதிரணியைத் திணறடித்தார்கள்.

1928 ஏப்ரல் 7, மாண்ட்ரியால். ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் லார்ன் ஷபோவின் கண்ணில் பக் பட்டது. மாற்றுக் கோல்கீப்பர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று இல்லை; பார்வையாளராக வந்திருந்த வேறு அணிக் கோல்கீப்பரை இறக்க எதிரணியான மாண்ட்ரியால் மரூன்ஸ் சம்மதிக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது லெஸ்டரே கவசம் மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். விட்டது ஒரே கோல். கூடுதல் நேரத்தில் பவுச்சர் அடிக்க, 2-1 என வெற்றி. தொடரும் கோப்பையும் பிறகு கைக்கு வந்தன. சாகசத்தைப் போலவே, அவரைக் காக்கச் சகவீரர்கள் பின்வாங்கி நின்று ஆடியதும் ரசிக்க வேண்டியது.

லெஸ்டர் பிடித்துப்போனால், அடுத்து பாஸ்டன் ப்ரூயின்ஸின் ஆர்ட் ராஸுக்குப் போகலாம். 1931-இல் கோல்கீப்பரை வெளியே இழுத்து, கூடுதல் தாக்குதல் வீரரை இறக்கிப் பார்த்தவர் அவர். அன்று பலிக்கவில்லை. இன்று ஒரு கோல் பின்தங்கிய எந்த அணியையும் கடைசி நிமிடங்களில் கவனியுங்கள்: கோல் காலியாகத்தான் கிடக்கும்.