நளாயினியின் கூடையும் நீதவானின் கட்டளையும்

தமிழர் பண்பாட்டிற் பெண்ணுக்குரிய உயர்வினைக் குறித்து நமது ஆய்வாளர் எழுதியுள்ளவை ஏராளம். அவ்வுயர்வு எத்தகையது என வினவியோர் சிலரே. தொழுநோயுற்ற கணவனைக் கூடையிற் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுசென்ற நளாயினியைக் கற்பின் இலக்கணமாகக் கொண்ட மரபு, கூடையின் பாரத்தை ஒருபோதும் கணக்கிற் கொண்டதில்லை.

சிலப்பதிகாரத்தை நோக்குவோம். மதுரையை எரித்த கண்ணகியின் சினம் அரசநீதியின் மீதே எழுகின்றது. பொருளனைத்தையும் தொலைத்து மீண்ட கோவலனுக்கோ அவள் சிலம்பை நீட்டுகின்றாள். கொலைக்களக் காதையில் அவனது ஒழுக்கத்தைக் கடிந்துரைக்கும் ஓரிடம் உண்டு என்பது மெய்யே. ஆயின் அக்கடிதலும், அவன் அழைத்தவுடன் தான் மறுக்காது எழுந்தமைக்கு விளக்கமாகவே முடிகின்றது. அரசனை எதிர்க்கலாம், கணவனை எதிர்க்கலாகாது என்னும் இவ்வெல்லையைப் புலவரின் தனிமனப்போக்காகக் கருதுதல் பொருந்தாது. தனிச்சொத்தின் தோற்றத்தோடு குடும்பத்தினுள் ஆணாதிக்கம் நிலைபெற்றதை ஏங்கெல்ஸ் 1884இல் விளக்கினார். யாழ்ப்பாணச் சமூகத்தில் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. சீதனக் காணி மனைவியின் பெயரிலேயே உள்ளது. ஆயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதனை விற்பதற்கு 1911ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் இடமளிக்கவில்லை. அடிபடும் மனைவி வெளியேறாதிருப்பதைப் பொறுமையெனப் போற்றும் திறனாய்வு, இவ்வுறுதியை ஒருமுறையேனும் வாசித்தல் நன்று.

நம்மவரான முற்போக்கு எழுத்தாளரும் இதற்குப் பெரிதும் விலக்கானவரல்லர். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கூலித்தொழிலாளியை அவர்கள் மீண்டும் மீண்டும் சித்திரித்தனர். வறுமையே காரணம் என்றனர். உத்தியோகத்தர் வீட்டின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. வர்க்கச் சுரண்டல் ஒழிந்தால் இதுவும் தானே ஒழியும் என்ற வாதம் வசதியானது, மார்க்சியமன்று. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு இங்குதான் முக்கியத்துவம் பெறுகின்றது. பெண்ணைப் பற்றிய கவிதைகள் நம்மிடம் நிறையவே இருந்தன. இல்லத்தின் உள்ளிருந்து பெண்களே பேசியமைதான் புதிது.

2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களுள் ஐவருக்கொருவர் அத்துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உட்பட்டுள்ளனர். வறியோரை மட்டும் கொண்டு இவ்வெண்ணை விளக்கிவிட இயலாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வீட்டு வன்முறையைத் தனியொரு புதிய குற்றமாக ஆக்கவில்லை. நீதவான் வழங்கும் பாதுகாப்புக் கட்டளைக்கு வழிசெய்தது. அக்கட்டளையின் உச்சகாலம் பன்னிரண்டு மாதம்.